புல்வெளிப் பாசி: சுண்ணாம்பு மூட்டையைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

புல்வெளி போட்டு இரண்டு மழைக்காலம் போனதும் பாசி எட்டிப் பார்க்கும். அதன்பிறகு புதியவர்கள் செய்யும் தவறுகள் வரிசைகூட மாறாமல் அப்படியே திரும்ப வருகின்றன. தண்ணீர் தேங்கக் கூடாது, சருகை அள்ள வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுவோம்.

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. மயிரிழை போன்ற நுண்ணிழைகளால் மண்ணைப் பற்றிக்கொண்டு, தண்ணீரையும் சத்தையும் இலை வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. வளமான, அடர்ந்த புல்லை நெருக்கித் தள்ளும் வலு அதற்கு இல்லை. புல் நலிந்து விட்டுக்கொடுத்த இடத்தில்தான் அது குடியேறும். நிழல், இறுகிய மண், ஒட்ட வெட்டுதல், தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு, காயாத மேல்மண் ஆகியவற்றில் எது புல்லை நலிய வைத்தது என்று பார்க்காமல் பாசியை மட்டும் கொன்றால், அடுத்த ஈரத்தில் அது அதே இடத்தில் நிற்கும்.

மண்ணைச் சோதிக்காமல் சுண்ணாம்பு தூவுவது

"பாசி வந்தால் மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு போடு." இந்த அறிவுரை எங்கே தொடங்கியதோ, இன்னும் சாக மாட்டேன் என்கிறது. மற்ற தவறுகளை ஒரு பருவத்தில் சரிக்கட்டலாம். இதைச் சரிக்கட்ட வருடக்கணக்காகும். எரிச்சலும் அதனால்தான்.

முதல் விஷயம், சுண்ணாம்பு பாசிக்கொல்லி அல்ல. புளிப்பு மண்ணில் பாசி வரும், நடுநிலை மண்ணிலும் வரும், சுண்ணாம்புப் பாறை மேலேயே வளரும் பாசி வகைகளும் உண்டு. மண் புளித்திருந்தால் புல் நலியும், அந்த இடைவெளியில் பாசி நுழையும். இவ்வளவுதான் தொடர்பு. பெரும்பாலான புல் வகைகளுக்கு பி.எச். (மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு) 6 முதல் 7 வரை போதும். உங்கள் மண் ஏற்கெனவே அங்கே இருந்தால் சுண்ணாம்பால் புல்லுக்கு ஒரு நன்மையும் இல்லை.

"போட்டேன், பாசி போய்விட்டதே" என்பவர்கள் எப்போது போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஈரக்காலம் முடியும் தறுவாயில்தான். வெயில் ஏற ஏற பாசி தானாகவே சுருங்கிப் பழுப்பாகும். அது சாவு அல்ல, உறக்கம். உடம்பு முழுக்க உலர்ந்தாலும் மறுபடி நனைந்தால் பச்சை பிடிக்கும் உயிர் அது. பேர் மட்டும் சுண்ணாம்புக்குப் போகிறது.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும்? பி.எச். 7.5-ஐத் தாண்டினால் மண்ணில் இருக்கும் இரும்பும் மாங்கனீசும் கரையாத வடிவத்துக்குப் போய்விடும். வேருக்குப் பக்கத்திலேயே இருந்தும் புல்லால் எடுக்க முடியாது. இலை நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் கோடு கோடாக வெளுக்கும். புல் மெலியும், மெலிந்த இடத்தில் மறுபடி பாசி. அதைப் பார்த்து இன்னொரு மூட்டை சுண்ணாம்பு போடுபவர்களும் இருக்கிறார்கள். ஏறிய பி.எச்.-ஐ இறக்கக் கந்தகம் போடலாம். ஆனால் மண்ணுயிரிகள் அதை அமிலமாக்க மாதங்கள் பிடிக்கும், மண்ணில் மிஞ்சிக் கிடக்கும் சுண்ணாம்பு அந்த அமிலத்தை அப்படியே விழுங்கிக்கொண்டிருக்கும்.

எந்தச் சுண்ணாம்பு என்பதிலும் கோட்டை விடுகிறார்கள். சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் கடுங்காரம். புல்லையும் கையையும் சேர்த்துப் பொசுக்கும். புல்வெளிக்கு உரியது அரைத்த சுண்ணாம்புக்கல் தூள், மக்னீசியமும் குறைவாக இருந்தால் டோலமைட் தூள்.

செய்ய வேண்டியது இது. புல்வெளியில் 10 முதல் 15 இடங்களில், 7 முதல் 10 செ.மீ. ஆழம் வரை மண் எடுங்கள். மேலே இருக்கும் புல்லையும் அதனடியில் காய்ந்து சேர்ந்த நார்ப்படலத்தையும் நீக்கி, மண் எல்லாவற்றையும் கலந்து ஒற்றை மாதிரியாகப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பாசி இருக்கும் மூலையும் இல்லாத பகுதியும் பார்வைக்கே வேறாக இருந்தால் இரண்டு மாதிரிகள். பி.எச். 6-க்குக் கீழே வந்தால் மட்டுமே சுண்ணாம்பைப் பற்றி யோசியுங்கள். சதுர மீட்டருக்கு 50 கிராம் தூள் என்பது லேசான அளவு. களிமண்ணுக்குக் கூடுதலாக வேண்டும், மணல் மண்ணுக்குக் குறைவாகவே போதும். அதனால் பரிசோதனை சொல்லும் அளவே அளவு. பலன் தெரிய மாதங்கள் ஆகும் என்பதால் அதற்குள் இரண்டாம் முறை போடாதீர்கள்.

பாசியைக் கொல்லப் போடும் அன்னபேதியோடு (ஃபெரஸ் சல்பேட்) சுண்ணாம்பைச் சேர்க்கவே கூடாது. ஒன்றின் வேலையை இன்னொன்று அழிக்கும். அமோனியம் சல்பேட் கலந்த உரத்தோடு சேர்ந்தால் தழைச்சத்து அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். நடுவில் சில வாரங்களாவது இடைவெளி விடுங்கள்.

உயிரோடு வாருவது

பச்சைப் பாசியை வாரியால் சுரண்டினால் துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டும் விழுந்த இடத்தில் புதுப் பாசியாகும். முதலில் கொல்லுங்கள், பிறகு வாருங்கள்.

கொல்வதற்கு அன்னபேதி. சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம், 1 லிட்டர் தண்ணீரில். 10 மீட்டருக்கு 10 மீட்டர் புல்வெளிக்கு அதிகபட்சம் 1 கிலோ. பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பூவாளியாலோ தெளிப்பானாலோ ஊற்றலாம். துத்தநாகப் பூச்சுள்ள வாளியை அரித்துவிடும். கரைத்த அன்றே தீர்த்துவிடுங்கள், வைத்திருந்தால் துருநிறமாகிப் பலன் குறையும்.

பாசி ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் அடுத்த 24 மணி நேரத்துக்கு மழை கூடாது. கடும் வெயிலில், தண்ணீரில்லாமல் வாடிய புல்மேல் ஊற்றினால் புல் கருகும். முன்னும் பின்னும் மூன்று நான்கு நாள் புல் வெட்ட வேண்டாம். பாசி சில நாளில் கறுக்கும், புல்லும் லேசாகக் கருமை தட்டிவிட்டுப் பிறகு தெளியும். 10 முதல் 14 நாள் கழித்து, நன்றாகக் கறுத்ததை வாரி எடுங்கள். நடைபாதைக் கல்லிலும் சிமெண்ட் தரையிலும் ஒரு சொட்டு விழுந்தாலும் துருக்கறை. கழுவிவிடலாம் என்று நினைத்துக் காய விடாதீர்கள். கரைசல் மிதித்த செருப்போடு வீட்டுக்குள் போவதும் வேண்டாம்.

வெற்று மண்ணை அப்படியே விடுவது

பாசி போனபின் தெரியும் மொட்டைத் திட்டு யாருக்காவது போயே தீரும், புல்லுக்கு அல்லது பாசிக்கு. மண்ணை லேசாகக் கிளறி, சதுர மீட்டருக்கு 25 முதல் 35 கிராம் விதை தூவி, விதை மண்ணோடு படியும்படி மிதித்து, மேலே மெல்லிய மண் படலம் போடுங்கள். இது ரைபுல், ஃபெஸ்க்யூ புல் வகைகளுக்கான அளவு, மண் வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். ரைபுல் ஒரு வாரத்தை ஒட்டி முளைவிடும். புளூகிராஸ் மூன்று வாரம்கூட எடுக்கும், அதற்குள் பொறுமையிழந்து மறுபடி கிளறிவிடாதீர்கள். கொடியாகப் படரும் வகை என்றால் விதையைத் தேடாமல் கரணையோ புல்தகடோ வைத்துவிடலாம்.

களிமண்மேல் மணலைக் கொட்டுவது

களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் வடிகால் வராது, செங்கல்தான் வரும். ஈர மண்ணில் ஒரு திருப்புளியைக் குத்துங்கள். 10 செ.மீ. சிரமமில்லாமல் இறங்காவிட்டால் மண் இறுகியிருக்கிறது. குழல் பற்கள் உள்ள துளைக்கருவியால் 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் மண்குச்சிகளை வெளியே எடுத்து, அந்தத் துளைகளுக்குள் மட்டும் மணலைத் தள்ளுங்கள். கம்பியால் குத்துவது ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை, ஆனால் மண்ணை வெளியே எடுக்காமல் பக்கவாட்டில் அமுக்குகிறது.

ஒட்ட வெட்டுவது

2.5 செ.மீ.க்குக் கீழே போகாதீர்கள், நிழலில் 5 செ.மீ.க்கு மேலேயே விடுங்கள். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

தினம் கொஞ்சம் தண்ணீர்

பாசிக்குத்தான் விருந்து. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, மழையும் சேர்த்து மொத்தம் 2.5 செ.மீ., அதுவும் காலையில்.

வினிகர், உப்பு

புல்லும் சேர்ந்து சாகும்.

இருட்டில் புல்லுக்குப் போராடுவது

நிழல் தாங்கும் மெல்லிலை ஃபெஸ்க்யூவுக்கே நாளுக்கு நாலு மணி நேரமாவது வெயில் வேண்டும். பெர்முடா புல்லுக்கு இன்னும் அதிகம். மரத்தின் கீழ்க்கிளைகளைக் கழித்தும் அவ்வளவு வெளிச்சம் வராத இடம் என்றால், அங்கே அன்னபேதியையும் விதையையும் வருடா வருடம் கொட்டுவதில் அர்த்தமில்லை. நிழல்செடிகளை நடுங்கள், அல்லது பாசியையே விட்டுவிடுங்கள். அதை வெட்ட வேண்டாம், உரம் வேண்டாம், மேலே விழும் சருகை மட்டும் மெதுவாகக் கூட்டினால் போதும்.