பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கோதுமை ஆகாத சீலியாக் நோயோடு சென்னைக்குப் போகிறவர்களுக்கு இட்லி, தோசை, சாதம் என்று ஊரே நமக்காகச் சமைத்த மாதிரித் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மேற்கு மாம்பலத்தில் அத்தை இலை போடும் வரை.

அத்தை மெனக்கெட்டிருந்தார். கோதுமை, ரவை, மைதா, சேமியா ஆகாது என்று நான் ஃபோனில் சொன்னதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தார். பாயசம்கூடப் பச்சரிசியில். "உனக்காகவே வச்ச ரசம், இன்னொரு கரண்டி ஊத்திக்கோ கண்ணு." பதினோரு வருஷமாக அந்த ரசத்தை டொராண்டோவில் வைத்துப் பார்த்துத் தோற்றவள் நான். மூன்று கரண்டி போனது. அன்று இரவே வயிறு கல்லாக உப்பிக்கொண்டது. நான்கு நாள் கட்டிலும் பாத்ரூமும்தான் நான் பார்த்த சென்னை.

மூன்றாம் நாள் சமையலறைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திருப்பினேன். பொடி எழுத்தில் கோதுமை மாவு. சுத்தப் பெருங்காயத்தின் நெடி தாங்காது என்பதால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் மாவும் கோந்தும் சேர்த்த கூட்டுப் பெருங்காயம், கட்டியும் விலக்கல்ல. சாம்பார், ஊறுகாய், நீர்மோர், தயிர்சாதத் தாளிப்பு என்று அது நுழையாத இடம் எது? அரிசி மாவு கலந்ததும் உண்டு. லேபிளைப் படித்து நீங்களே ஒரு டப்பா வாங்கிக்கொண்டு விருந்துக்குப் போங்கள்.

"துளிதானே, என்ன ஆயிடும்?" என்பார்கள். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டதும் நம் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் குடலுறிஞ்சிகளை அழிப்பதுதான் சீலியாக். இந்தியாவில் குளூட்டன் அற்றது என்று லேபிள் போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. துளியின் கணக்கு அவ்வளவுதான்.

ஹோட்டலில் ரவா தோசை வார்த்த கல்லையும் பூரி பொரித்த எண்ணெயில் வரும் வடையையும் கவனியுங்கள். ராத்திரி ஆசையாக நீட்டும் ஹார்லிக்ஸும் வேண்டாம். ஃபில்டர் காபிக்குப் பயமில்லை, நல்லவேளை.

கூட வந்த தம்பிக்கு க்ரோன்ஸ். அதுவும் குடலில் அழற்சிதான். ஆனால் கோதுமையை விட்டால் தீருகிற நோய் இல்லை. அத்தைக்கோ "ரெண்டும் வயிறுதானே". அவனுக்கும் பூரி கிடையாது என்று தீர்ப்பாகிவிட்டது. சாப்பிடக்கூடியவன் அவன், பட்டினி கிடந்தவனும் அவன்! அவனுடைய ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. நன்றாகச் சில்லென்று இருக்கட்டும் என்று ஃப்ரீஸருக்கு மாற்றப்போன அத்தையை ஓடிப்போய்த் தடுத்தோம். அவனைப் போல எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் டைஃபாய்டு தடுப்புக்கு ஊசியையே கேளுங்கள். முன்பு பரவலாகக் கிடைத்த மாத்திரை உயிருள்ள கிருமி, ஊசி அப்படியல்ல.

டப்பா விஷயத்தை அத்தையிடம் சொல்லவில்லை. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். "நம்ம ஊர்த் தண்ணியே உனக்கு ஒத்துக்கலையா?" என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து எனக்கு மட்டும் கேன் தண்ணீரையும் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தார். பொய்க்கு அது போதாதா?

கிளம்பும்போது ஒரு பாட்டில் பருப்புப் பொடி கட்டிக் கொடுத்தார். திறக்காமல் அலமாரியில் இருக்கிறது. போன வாரம் ஃபோனில், தீர்ந்துபோச்சா, இன்னும் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு அத்தை" என்றேன்.