பின்னணி மங்க வேண்டுமா? முதலில் சுவரை விட்டு முன்னே வாருங்கள்

ஆளைத் தெளிவாக வைத்துப் பின்னணியை மங்கலாக்கும் போன் கேமராவின் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்த படம் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் தெரிகிறதா? பெரும்பாலும் கோளாறு போனில் இல்லை, ஆள் நின்ற இடத்தில்தான். சுவரை ஒட்டி நிற்பவரை எடுத்துவிட்டு, மங்கலைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் அந்தப் படம் தேறாது.

இடத்தை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஆளுக்கும் 4 முதல் 6 அடி. ஆளுக்கும் பின்னணிக்கும் குறைந்தது 10 அடி. 15, 20 அடி கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குள் அவ்வளவு இடமில்லை என்றால் ஆளை ஹாலின் வாசல் பக்கம் நிறுத்தி, அடுத்த அறை பின்னால் தெரியும்படி எடுங்கள். வாசல் வெளிச்சம் முகத்தில் விழும், பின்னால் ஆழமும் கிடைத்துவிடும். 8 அடிக்கு மேல் தள்ளிப்போனால் பல போன்கள் ‘கிட்டே வாருங்கள்’ என்று திரையில் சொல்லும். அந்த எச்சரிக்கை மறையும்வரை பட்டனைத் தொடாதீர்கள்.

போன் பெட்டியில் எஃப் 1.8 என்று போட்டிருப்பதை நம்பி, பெரிய கேமராவின் எஃப் 1.8 லென்ஸ் தரும் மங்கலை எதிர்பார்க்க வேண்டாம். அந்த எண், லென்ஸின் குவியத் தூரத்தை (ஃபோகல் லெங்த்), ஒளி நுழையும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் துவாரம் சுமார் 28 மி.மீ. போன் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 6, 7 மி.மீ.தான், துவாரம் 4 மி.மீ.க்குள் அடங்கிவிடும். பின்னணியைக் கரைப்பது இந்தத் துவாரத்தின் அகலம். அது இல்லாத குறையைப் போன் கணக்குப் போட்டு ஈடுகட்டுகிறது: எது கிட்டே, எது தள்ளி என்று ஓர் ஆழ வரைபடம் தயாரித்து, தள்ளி இருப்பதையெல்லாம் மங்கலாக்குகிறது. 2016-ல் ஐபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களின் பார்வை வித்தியாசத்தை வைத்து இதைச் செய்தது. அடுத்த ஆண்டே கூகுளின் பிக்சல் 2 போன், படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் (பிக்சல்) இரண்டாகப் பிரித்துப் பதியும் சென்சாரை வைத்து ஒற்றை லென்ஸிலேயே செய்து காட்டியது. மலிவு போன்களில் ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் ‘டெப்த் கேமரா’வைப் பெரிதாக எண்ண வேண்டாம். அங்கே பெரும்பாலான வேலையைச் செய்வது, ஆளின் உருவத்தை அடையாளம் கண்டு வெட்டும் மென்பொருள்தான்.

ஆக, அந்த ஆழ வரைபடம் எங்கே குழம்பும் என்று தெரிந்தால் பாதிப் பிழையை எடுக்கும்போதே தவிர்க்கலாம். வெறும் வெள்ளைச் சுவரில் ஒப்பிட ஒரு புள்ளியும் இல்லாததால் போன் தடுமாறும். ஒரே மாதிரி வரிசையாக நிற்கும் சன்னல் கம்பிகளில் எந்தக் கம்பி எது என்று குழம்பிவிடும். அப்போது நெட்டாகப் பிடித்த போனைப் படுக்கையாகவோ, படுக்கையாகப் பிடித்ததை நெட்டாகவோ திருப்பிப் பிடித்துப் பாருங்கள். லென்ஸ்கள் அமைந்த திசைக்கு இணையாக ஓடும் கோடுகளில் ஆழம் பிடிபடுவது கடினம். திருப்பினால் சில நேரம் சரியாகிவிடும். கண்ணாடி டம்ளர், பளபளக்கும் எவர்சில்வர் டபரா இரண்டுமே தொல்லை. ஊடே தெரிவதையும் பிரதிபலிப்பதையும் போன் பின்னணி என்றே எடுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் கடினமானது தலைமுடி. மல்லிகைச் சரம் வைத்த ஒரு பெண்ணைப் பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கொண்டையை ஒட்டிய பூக்கள் தெளிவாக இருக்கும். தோளுக்குக் கீழே தொங்கும் நுனியில் இரண்டு மொட்டுகள் மட்டும் பின்னணியோடு கரைந்திருக்கும். காதுக்குப் பின்னால் பறக்கும் முடியிழைகள் கத்தரித்தாற்போல் காணாமல் போயிருக்கும். ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியிலோ பின்னாலிருக்கும் செடி மங்காமல் துல்லியமாகத் தெரியும். பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது இந்த இடைவெளிதான். இடுப்பில் கை வைத்தால் விழும் முக்கோணம், முகத்தை விட்டு வெளியே நீளும் மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, விரல்களின் நடுப்பகுதி எல்லாமே இதே ரகம்.

இதற்குச் செய்யக்கூடியவை சில. சரத்தை முன்பக்கம் தோள்மேல் எடுத்துப் போடச் சொல்லுங்கள். உடம்பின்மேல் கிடக்கும் பூவைப் போன் வெட்டாது. கருமுடிக்குப் பின்னால் அடர்ந்த மர நிழல் வேண்டாம், வெளிறிய பின்னணி இருக்கட்டும். இடுப்பில் கை வேண்டாம், அல்லது கையை உடம்போடு ஒட்டி வைக்கட்டும். கூந்தல் பறக்கும் அளவுக்குக் காற்று வீசினால் போர்ட்ரெய்ட் மோடை விட்டுவிட்டுச் சாதாரணப் படமே எடுக்கலாம்.

லென்ஸ் தேர்வு. 1எக்ஸில் முகம் நிறைய எடுக்கக் கிட்டே போனால் மூக்கு பெருத்துத் தெரியும். 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் வைத்து நீங்கள் பின்னால் தள்ளுங்கள். முகம் இயல்பாக இருக்கும், பின்னணியும் குறுகிச் சுத்தமாகும். ஆனால் ஒன்று: வெளிச்சம் குறைந்தால் பல போன்கள், தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, மெயின் கேமரா படத்தையே வெட்டிப் பெரிதாக்கும். டெலி லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருட்டாகவில்லை என்றால் ஏமாற்றம் நடக்கிறது என்று அர்த்தம். விளக்கைப் போடுங்கள், இல்லையென்றால் 1எக்ஸுக்கோ 2எக்ஸுக்கோ வாருங்கள்.

மங்கலின் அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐபோனில் அளவு எஃப் 1.4 முதல் எஃப் 16 வரை போகும், எண் குறையக் குறைய மங்கல் கூடும்; 1.4-ல் வைத்தால் விளிம்புப் பிழைகள் எல்லாம் பளிச்சென்று தெரியும். 2.8 முதல் 4 வரை போதும். சாம்சங்கில் ஸ்லைடர் 7 வரை போகும், அங்கே எண் கூடக் கூட மங்கல் கூடும்; 3, 4-ல் நிறுத்துங்கள். பின்னால் இருப்பது கோயில் என்றோ கடைத்தெரு என்றோ அடையாளம் தெரியும் அளவு மங்கல்தான் கண்ணுக்கு உண்மையாகப் படும். முழு உருவம் எடுக்கும்போது இன்னும் குறையுங்கள். காலடித் தரை தெளிவாக இருந்து பின்னால் போகப்போகப் படிப்படியாக மங்க வேண்டும். பாதத்துக்குப் பின்னாலேயே சட்டென்று பஞ்சாகிவிட்டால் ஆள் மிதப்பதுபோல் இருக்கும். பாதி உடம்போடு முடித்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

இரவில் விளக்குகள் வட்ட வட்டமாகத் தெரிய வேண்டுமானால், கார்த்திகை அகல்களோ சீரியல் பல்புகளோ ஆளுக்கு 12 அடியாவது பின்னால் இருக்கட்டும். ஃபிளாஷை அணையுங்கள். பக்கத்தில் இன்னொரு விளக்கோ ஒருவர் பிடிக்கும் போன் வெளிச்சமோ முகத்தில் விழட்டும். முகத்தைத் தொட்டு ஃபோகஸ் வைத்த பிறகு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சூரியச் சின்னத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். சுடர் வெளுத்துப் போகாமல் மஞ்சளாகவே நிற்கும். அதற்கு முன் லென்ஸை ஒரு பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரு கீற்று கிளம்பும்.

பூ, பலகாரம், நகை போன்றவற்றுக்கு போர்ட்ரெய்ட் மோடே வேண்டாம். சாதாரண மோடில் மெயின் கேமராவோடு ஒரு சாண் தூரத்துக்கு வாருங்கள். நிஜமான லென்ஸ் மங்கலே கிடைக்கும், விளிம்பில் வெட்டும் விழாது. இதில் ஒரு பொறி உண்டு. மிக நெருங்கினால் போன் தானாக மேக்ரோவுக்கு, அதாவது அகலமாகக் காட்டும் அல்ட்ராவைட் லென்ஸுக்குத் தாவும். அந்த நொடியே பின்னணி தெளிந்துவிடும். திரையில் வரும் பூச் சின்னத்தைத் தொட்டு மேக்ரோவை அணைத்துவிட்டு, ஃபோகஸ் பிடிக்கும்வரை சற்றுப் பின்வாங்குங்கள். பெரிய சென்சார் உள்ள போன்களுக்கு 20, 24 செ.மீ. வரைகூட இடைவெளி தேவைப்படும். பொருள் சின்னதாகத் தெரிந்தால் 2எக்ஸ் வையுங்கள்.

ஏற்கெனவே எடுத்த சாதாரணப் படத்துக்கு கூகுள் போட்டோஸின் எடிட்டில் ப்ளர் வசதி இருக்கிறது; மனித முகத்தில் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். ஸ்னாப்சீடின் லென்ஸ் ப்ளர் ஆளை அடையாளம் காணாது, வட்டமாகவோ பட்டையாகவோதான் மங்கலாக்கும். தட்டில் வைத்த இட்லிக்குச் சரி, நிற்கும் மனிதருக்கு ஒத்துவராது.

போர்ட்ரெய்டில் எடுத்த படத்தில் ஆழ வரைபடமும் கூடவே பதிவாவதால்தான் பிறகு மங்கலைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும். போய்ச் சேர்வது ஜேபெக் எனும் வெறும் படக் கோப்பு. ஆகவே மங்கலைச் சரிசெய்து முடித்த பிறகே அனுப்புங்கள். அசலைப் போனிலேயே வைத்திருந்தால், ஜிமிக்கி ஓரம் சரியில்லை என்று யாராவது சொல்லும்போது ஸ்லைடரைக் கொஞ்சம் குறைத்து மறுபடி அனுப்பலாம்.