சட்ட வரலாறு படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

சென்ற மாதம் ஓர் ஆய்வு மாணவர் தன் கட்டுரையைக் கொண்டுவந்து தந்தார். முதல் பக்கத்திலேயே, 'யாழ்ப்பாணத் தமிழர் தொன்றுதொட்டுப் பின்பற்றிய தேசவழமை' என்று இருந்தது. தேசவழமை என்பது அவர்களின் வழக்காற்றுச் சட்டம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே 'தொன்றுதொட்டு'வை நானும் எழுதியிருக்கிறேன், நாற்பது பக்கத்துக்கு.

ஆண்டை மாற்றிப் போடுவது, பெயரைத் தவறாக எழுதுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது திருத்திவிடுவார்கள்.

யார் கேட்டு எழுதியது என்று பாராதது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். நம் கைக்கு வந்திருக்கும் தேசவழமை, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆட்சியில் 1707இல் முடிந்த ஒரு தொகுப்பு. ஆளுநர் சைமன்ஸ் கேட்டார்; யாழ்ப்பாணத்தில் திசாவையாக (நிர்வாக அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் ஒல்லாந்த மொழியில் எழுதினார். அதைத் தமிழாக்கிப் பன்னிரண்டு முதலியார்களிடம், அதாவது உள்ளூர்த் தலைவர்களிடம், காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். ஒல்லாந்தர் போன பிறகு, 1806இல் ஆங்கிலேயர் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள்.

ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனிக்கு வேண்டியிருந்தது, தன் முன் வரும் வழக்குகளைத் தீர்க்க ஒரு கைநூல். அதனால்தான் சொத்து, சீதனம், ஒற்றி, அடிமைகள் என்று வழக்குக்கு வரும் விஷயங்களே அதில் நிறைந்திருக்கின்றன. சரிபார்த்த பன்னிரண்டு பேரும் ஊரில் செல்வாக்கு உள்ளவர்கள். அடிமைகளைப் பற்றிய பகுதிக்கும் தலையசைத்தவர்கள் அவர்களே.

இதில் வேடிக்கை என்னவென்றால், தான் பழையது அல்ல என்று அந்தத் தொகுப்பே சொல்கிறது. முற்காலத்தில் முதுசம் (கணவன் வழிச் சொத்து) ஆண்மக்களுக்கு, சீதனம் (மனைவி கொண்டுவந்த சொத்து) பெண்மக்களுக்கு, தேடியதேட்டம் (மணவாழ்வில் சேர்த்த சொத்து) இருவருக்கும் என்று தொடக்கத்திலேயே வருகிறது. உடனே அடுத்து, ஆட்சிகள் மாறியதில், குறிப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில், இந்த வழக்கம் மாறிவிட்டது என்றும் வருகிறது. இப்போது பெற்றோர் எந்தச் சொத்திலிருந்தும் மகளுக்குச் சீதனம் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்கிறது. அந்த வரியைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். தொன்மை என்று முன்பே முடிவு கட்டிவிட்டதால் கண்ணில் படவில்லை. என் நெறியாளர் 'போர்த்துக்கேயர்' என்ற சொல்லின் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு மட்டும் போட்டு, வேறொன்றும் எழுதாமல் திருப்பித் தந்தார். எட்டு மாத வேலை போயிற்று.

இப்போதெல்லாம் எந்தச் சட்ட ஆவணத்தைத் திறந்தாலும், யார் கேட்டார், யார் சொன்னார், எந்த மொழியில் எழுதினார், பிறகு யார் அதை வைத்து வழக்கு நடத்தினார் என்று நோட்டில் குறித்துக்கொண்ட பிறகே உள்ளே போகிறேன். மாணவருக்கு நானும் 'போர்த்துக்கேயர்' என்ற அதே சொல்லின் கீழே சிவப்புக் கோடுதான் போட்டேன். இன்னும் பதில் இல்லை.

கல்லில் இருப்பதால் நடந்தது என்பது

பாபிலோனிய அரசன் ஹமுராபி தன் சட்டங்களைப் பொறித்த கல் ஈரானின் சூசாவில் கிடைத்து, இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பாபிலோனியக் கடன் பத்திரங்களும் வழக்குப் பதிவுகளும் களிமண் பலகைகளாக ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் அந்தக் கல்லை மேற்கோள் காட்டுவதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாபிலோனியக் கடனாளியின் கதையை எழுதுவதென்றால் பலகைகளுக்குப் போங்கள்.

எந்தச் சட்டக் கதையையும் ரோமிலிருந்தே தொடங்குவது

வேண்டாம்.

தீர்ப்பை மட்டும் படிப்பது

மனுவும் சாட்சியமும் அதே வழக்குக் கட்டுக்குள்தான் இருக்கும்.

மொழிபெயர்ப்பை மூலமாக எடுத்துக்கொள்வது

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியில் இருந்த ஹால்ஹெட் 1776இல் வெளியிட்ட இந்துச் சட்டத் தொகுப்பைப் பண்டிதர்கள் சமஸ்கிருதத்தில் தொகுத்தார்கள். அது பாரசீகத்துக்குப் போயிற்று. பாரசீகத்திலிருந்துதான் அவர் ஆங்கிலமாக்கினார். தேசவழமையிலும் இந்தத் தொல்லை உண்டு. 'ஒற்றி' ஆங்கிலத்தில் வெறும் 'மார்ட்கேஜ்' ஆகிவிடுகிறது. ஒற்றி வாங்கியவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைச்சலை அனுபவிக்கிறார் என்பது அந்தச் சொல்லில் தெரியாது. நான் ஒரு முழுப் பத்தி, இல்லாத வட்டியைக் கணக்குப் போட்டிருக்கிறேன்.