ஃபாமீ ரோஸா, ஃபாமீ வெர்ட்டா? சீனப் பீங்கானை அடையாளம் காண்பது எப்படி

அருங்காட்சியகத்திலும் ஏலப் பட்டியலிலும் சீன ஜாடிகளுக்குப் பக்கத்தில் ‘ஃபாமீ ரோஸ்’, ‘ஃபாமீ வெர்ட்’ என்று எழுதியிருப்பார்கள். ஃபாமீ என்பது பிரெஞ்சில் குடும்பம்; ரோஸ் என்றால் ரோஜா நிறம், வெர்ட் என்றால் பச்சை. 1862-இல் ஆல்பர் ஜாக்மார் என்ற பிரெஞ்சு அறிஞர் வண்ணத்தை வைத்து இப்படிப் பிரித்தார். ஜாடியைச் செய்த, சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜென் சூளைக்காரர்களுக்கு இந்தப் பெயர்களே தெரியாது!

படி 1: வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பீங்கானை 1,300 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுட்டபின், மேலே எனாமல் (கண்ணாடித் தன்மையுள்ள வண்ணப் பூச்சு) தீட்டி, அதைவிடக் குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். அதனால் வண்ணம் லேசாகப் புடைத்துத் தெரியும்.

படி 2: ரோஜா நிறம் இருக்கிறதா? முக்கியமான கேள்வி இதுதான். அந்த நிறம் மிக நுண்ணிய தங்கத் துகளிலிருந்து வருவது. காங்ஸி பேரரசர் காலத்தின் (1662–1722) கடைசியில் தோன்றி, அடுத்து வந்த யோங்ஜெங் காலத்தில் செழித்தது. கூடவே ஆர்சனிக் சேர்ந்த வெள்ளை எனாமலும் வந்தது. அதைக் கலந்தால் எந்த நிறமும் பால் விட்டதுபோல் வெளுத்து, ஒளி ஊடுருவாமல் நிற்கும். ஒரே இதழில் அடர் சிவப்பு மெல்ல மெல்ல வெள்ளையாக மாறினால் அது ஃபாமீ ரோஸ். சீனத்தில் ஃபென்சாய் என்பார்கள்.

படி 3: ரோஜா இல்லை, கண்ணாடிபோல் தெளிந்த பச்சைதான் தூக்கலாக இருக்கிறது, கூடவே இரும்புச் சிவப்பும் மஞ்சளும் என்றால் அநேகமாக ஃபாமீ வெர்ட். அப்புறம் நீலத்தைத் தடவிப் பாருங்கள் (அருங்காட்சியகத்தில் வேண்டாம், காவலர் ஓடி வருவார்). மேலே புடைத்திருந்தால் வெர்ட். பளபளப்புப் பூச்சுக்கு அடியில் வழவழவென்று இருந்தால், அதற்கு முந்தைய வுசாய் பாணியாக இருக்கலாம்.

படி 4: பின்னணி கறுப்பு என்றால் ஃபாமீ நுவார், மஞ்சள் என்றால் ஃபாமீ ஜோன். இரண்டுமே வெர்ட்டின் கிளைகள்தான். நுவாரில் மட்டும் உஷார்: காங்ஸி காலத்தவை என்று பணக்காரர்கள் கொட்டிக் கொடுத்து வாங்கிய பல ஜாடிகள் 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்றே இப்போது கருதப்படுகின்றன.

படி 5: அடியில் இருக்கும் முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். காங்ஸி காலத்தவர்களே முந்தைய மிங் பேரரசர்களின் முத்திரையைப் போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் காங்ஸி முத்திரையைப் போட்டார்கள். முத்திரை ஒன்று சொல்லி, எனாமல் வேறு சொன்னால், நான் எனாமல் பக்கம்.