வண்டியின் சாய்வை அளக்கும் ஐஎம்யு: பொருத்துவதில் தொடங்கி கோணம் எடுப்பது வரை

ஓடும் வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். கையில் ஒரு மைக்ரோகண்ட்ரோலரும் ஒரு ஐஎம்யு சென்சாரும் (முடுக்கத்தையும் சுழற்சியையும் சேர்த்து அளக்கும் சிப்) இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் நிரலை ஏற்றி, மேசைமேல் வைத்து அசைத்தால் கோணம் அழகாக வருகிறது. அதையே வண்டியில் மாட்டி இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் எண்கள் தாறுமாறாக ஓடுகின்றன. பலரும் இந்த இடத்தில் ஃபில்டரை மாற்றிப் பார்ப்பார்கள், இல்லையென்றால் விலை கூடிய சென்சார் வாங்குவார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது சென்சாரை எப்படி மாட்டியிருக்கிறோம் என்பதைத்தான். சாலை அதிர்ச்சியில் சிப் உடைவது அபூர்வம், உடைவது நம் கணக்குதான்.

இங்கே எடுத்துக்காட்டுக்கு எம்பியு-6050 சிப்பை எடுத்துக்கொள்கிறேன். பழைய சிப்தான், ஆனால் கற்றுக்கொள்ள எளிது. மற்ற சென்சார்களுக்கும் முறை இதுவே, ரெஜிஸ்டர் (சிப்புக்குள் மதிப்புகளை எழுதவும் படிக்கவும் உள்ள இடம்) எண்கள் மட்டும் மாறும்.

படி 1: சென்சார் எதை அளக்கிறது?

உள்ளே இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஆக்சிலரோமீட்டர் மூன்று அச்சுகளிலும் முடுக்கத்தை அளக்கிறது. அசையாமல் இருக்கும்போது அதற்குத் தெரிவது புவியீர்ப்பின் விளைவு மட்டும்தான், மேல்நோக்கிய அச்சில் 1 ஜி காட்டும். அந்த 1 ஜி எந்த அச்சில் எவ்வளவு பிரிந்திருக்கிறது என்று பார்த்தால் சாய்வு கிடைத்துவிடும். ஆனால் பிரேக் போட்டாலும் வளைவில் திரும்பினாலும் அதுவும் முடுக்கம்தான். ஈர்ப்பு எது, பிரேக் எது என்று பிரித்துச் சொல்ல இந்தக் கருவிக்கு வழியில்லை.

ஜைரோ சுழலும் வேகத்தை அளக்கிறது, ஒரு விநாடிக்கு இத்தனை டிகிரி என்று. அதைக் காலத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் வரும். பிரேக் போட்டால் அது குழம்பாது. ஆனால் சும்மா இருக்கும்போதும் சுழியம் காட்டாமல் கொஞ்சம் விலகிக் காட்டும். விலகல் விநாடிக்கு 0.5 டிகிரி என்றால் ஒரு நிமிடத்தில் 30 டிகிரி பிழை சேர்ந்துவிடும். ஒன்றின் குறையை மற்றொன்று சரிசெய்வதால்தான் இரண்டையும் கலக்கிறோம்.

படி 2: வயரிங்கும் அச்சும்

நான்கு கம்பிகள்: 3.3 வோல்ட், கிரவுண்ட், கடிகாரம், டேட்டா. ஐ-ஸ்கொயர்-சி முறையில் (கடிகாரம், டேட்டா என்ற இரண்டே கம்பிகளில் பேசும் முறை) இணைத்து, 117-ஆம் ரெஜிஸ்டரைப் படியுங்கள். 104 என்று வந்தால் சிப் பேசுகிறது. 112 வந்தால் உங்கள் போர்டில் இருப்பது எம்பியு-6500. அதில் ஆக்சிலரோமீட்டரின் ஃபில்டருக்கு 29-ஆம் ரெஜிஸ்டரைத் தனியாக எழுத வேண்டும், இதை மறந்துவிட்டு மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

அச்சுகளுக்கு ஐஎஸ்ஓ 8855 தரத்தையே பின்பற்றுங்கள்: எக்ஸ் வண்டியின் முன்பக்கம், ஒய் இடப்பக்கம், இசட் மேலே. இந்த முறையில் இடப்பக்கம் உயர்ந்தால் ரோல் (இடவலச் சாய்வு) கூட்டல், முகப்பு தாழ்ந்தால் பிட்ச் (முன்பின் சாய்வு) கூட்டல். முகப்பு உயர்வதைக் கூட்டலாக எடுக்கும் நூலகங்களும் உண்டு. இரண்டையும் கலந்துவிட்டால் ஃபில்டர் எதிர்த்திசையில் இழுக்கும், கோணம் எங்கேயோ போய் நிற்கும்.

படி 3: எங்கே, எப்படி மாட்டுவது

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

இடம் முதலில். வண்டியின் நடுப்பகுதியில், கெட்டியான பாடியில், தரைக்கு அருகே. இன்ஜின்மேலோ, கதவிலோ, டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலோ வேண்டாம். மெல்லிய தகடும் பிளாஸ்டிக்கும் தம் போக்கில் அதிரும். இன்ஜின் பக்கம் வெப்பமும் ஏறி இறங்கும், ஜைரோவின் விலகல் வெப்பநிலையோடு சேர்ந்து நகரும்.

அடுத்து அதிர்வுத் தடுப்பு. சென்சார் போர்டின் அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டை ஒட்டினால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த போர்டின் எடை இரண்டு மூன்று கிராம்தான். அவ்வளவு லேசான பொருளுக்கு ஸ்பாஞ்ச்கூடக் கல்போலத்தான், அமுங்கவே அமுங்காது, அதிர்வு அப்படியே மேலே ஏறும். தடுப்பு வேலை செய்ய எடை வேண்டும். 50 மி.மீ.க்கு 50 மி.மீ., 4 மி.மீ. தடிமனுள்ள இரும்புத் தகடு ஏறத்தாழ 80 கிராம் இருக்கும். சென்சாரை அதன்மேல் கெட்டியாகப் பொருத்தி, தகட்டின் நான்கு மூலைகளையும் சிலிகான் ஜெல் போன்ற மெத்தென்ற பொருள்மேல் உட்கார வையுங்கள். காந்தமானியும் (காந்தப்புலத்தை அளந்து திசை காட்டும் கருவி) சேர்ந்த சென்சார் என்றால் இரும்புக்குப் பதில் பித்தளை.

இந்த அமைப்புக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு, தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம். அதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு: எடையால் ஜெல் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுங்கள். 2.5 மி.மீ. அமுங்கினால் 10 ஹெர்ட்ஸ், 0.4 மி.மீ. அமுங்கினால் 25 ஹெர்ட்ஸ். ரப்பர் வகைகள் அதிரும்போது இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும், ஆகவே உண்மையான எண் இதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.

இயல்பு அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வைத்தான் இந்த அமைப்பு குறைக்கும். அதற்குக் கீழே குறைக்காது என்பதோடு, இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகில் அதிர்வைப் பெரிதாக்கவும் செய்யும். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலில் ஓடினால் சுமார் 27 ஹெர்ட்ஸ் அதிர்வு வரும், 3000 சுற்றில் 100 ஹெர்ட்ஸ். காரின் சக்கரங்கள் துள்ளுவது 10 முதல் 15 ஹெர்ட்ஸில். அப்படியானால் 10 ஹெர்ட்ஸில் மாட்டினால் சக்கரத் துள்ளலோடு மோதும், 25-இல் மாட்டினால் ஐடிலோடு மோதும். எல்லாவற்றிலும் தப்பிக்கும் எண் கிடையாது. நான் 25-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன், ஆனால் ஸ்பிரிங் மாதிரித் துள்ளாமல் அதிர்வை விழுங்கும் ஜெல்லோடு. மேல் அதிர்வுகளை ஜெல் பார்த்துக்கொள்ளும், கீழே உள்ளவற்றைப் படி 6-இல் வரும் கலவை பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் இடைவெளி. பள்ளத்தில் இறங்கிய வேகத்தில் பாடி திடீரென விநாடிக்கு 1 மீட்டர் வேகமாற்றம் அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 ஹெர்ட்ஸ் ஜெல் தாங்கியில் சென்சாருக்குப் போவது 16 ஜி அளவு, தகடு நகர்வது 6 மி.மீ.க்குச் சற்று மேல். சுற்றிலும் 8 அல்லது 10 மி.மீ. இடம் இல்லையென்றால் தகடு பெட்டியின் சுவரில் போய் இடிக்கும். அந்த இடி, தாங்கியே இல்லாமல் நேராக மாட்டியதைவிட மோசம்.

கம்பிகளைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். விறைப்பான கேபிள் ஒன்று தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் செய்த ஜெல் வேலை எல்லாம் வீண். மெல்லிய பல இழைக் கம்பியை ஒரு வளையம்போல் தளர்வாக விட்டு மாட்டுங்கள்.

சிப்புக்கு வரும் உண்மையான ஆபத்து சாலையில் இல்லை, மேசையில் இருக்கிறது. எம்பியு-6050 சிப்பின் தாங்கும் வரம்பு 10,000 ஜி. விழும் உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் சராசரி ஜி கிடைக்கும். 750 மி.மீ. உயர மேசையிலிருந்து கல் தரையில் விழுந்து 0.1 மி.மீ.க்குள் நின்றால் சராசரியே 7,500 ஜி, உச்சம் அதைவிட மேலே. ஆகவே வெறும் போர்டோடு வேலை செய்யும்போது மேசைக்கடியில் ஒரு மெத்தென்ற விரிப்பு போடுவது நல்லது. கீழே விழுந்த சென்சார் உயிரோடு தெரிந்தாலும் அளவுத்திருத்தத்தை மறுபடி செய்யுங்கள். அல்ட்ராசோனிக் கிளீனரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்: ஜைரோவின் உள்ளே நுண்ணிய அமைப்பு 30 கிலோஹெர்ட்ஸ் அளவில் அதிர்ந்துகொண்டுதான் வேலை செய்கிறது, கிளீனரும் அதே வட்டாரத்தில் அதிரும்.

போர்டை நான்கு திருகிலும் முறுக்கி இறுக்குவதும், கெட்டியான எபாக்சியில் மூழ்கடிப்பதும் வேண்டாம். போர்டு வளைந்தால் சிப்பும் இழுபடும், சுழியம் நகரும்.

படி 4: சிப்பின் அமைப்புகள்

மின்சாரம் கொடுத்ததும் சிப் தூக்கத்தில் இருக்கும். 107-ஆம் ரெஜிஸ்டரில் 1 எழுதி எழுப்புங்கள். பிறகு 25-இல் 9, 26-இல் 4, 27-இல் 8, 28-இல் 16.

இதில் 28-க்கு எழுதிய 16 முக்கியம், அது ஆக்சிலரோமீட்டரை ±8 ஜி வீச்சுக்கு மாற்றுகிறது. இயல்பாக வரும் ±2 ஜி நுணுக்கமானது என்று அப்படியே விடுவார்கள். இசட் அச்சில் ஏற்கெனவே 1 ஜி உட்கார்ந்திருக்கிறது. மேல்பக்கம் மிச்சம் 1 ஜி, கீழ்ப்பக்கம் 3 ஜி. வண்டி குலுங்கும்போது மேல்பக்க அலை வெட்டுப்படும், கீழ்ப்பக்க அலை முழுசாக வரும். சராசரி எடுத்தால் இசட் மதிப்பு குறைந்துவிடும், சாய்வும் பிழையாகும். வெட்டுப்பட்டதை எந்த ஃபில்டராலும் மீட்க முடியாது.

27-இல் 8 என்றால் ஜைரோ விநாடிக்கு ±500 டிகிரி. 26-இல் 4 என்றால் உள்ஃபில்டர் 20 ஹெர்ட்ஸ் அளவில். இதை ஏன் தவறவே விடக் கூடாது? நாம் விநாடிக்கு 100 முறை படிக்கிறோம் (25-இல் 9 எழுதியது அதற்குத்தான்). 3000 சுற்றில் இன்ஜினின் அதிர்வும் 100 ஹெர்ட்ஸ். உள்ஃபில்டர் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் அலையின் அதே இடத்தைத்தான் படிப்போம். அதிர்வு அதிர்வாகவே தெரியாது, நிலையான ஒரு சாய்வாகத் தெரியும்! பிறகு நிரலில் எத்தனை முறை சராசரி எடுத்தாலும் அது போகாது.

59-ஆம் ரெஜிஸ்டரிலிருந்து 14 பைட்டுகளை ஒரே மூச்சில் படியுங்கள். முதல் ஆறு ஆக்சிலரோமீட்டர், நடுவில் இரண்டு வெப்பநிலை, கடைசி ஆறு ஜைரோ. முன்னதை 4096-ஆலும் பின்னதை 65.5-ஆலும் வகுத்தால் ஜி-யும் விநாடிக்கு இத்தனை டிகிரி என்பதும் கிடைக்கும்.

படி 5: அளவுத்திருத்தம்

ஜைரோவுக்கு: இன்ஜினை அணைத்து, யாரும் வண்டியில் ஏறி இறங்காமல், பத்து விநாடி சராசரி எடுத்து அதைக் கழித்துக்கொண்டே வாருங்கள். ஆக்சிலரோமீட்டருக்கு: மாட்டுவதற்கு முன்பே ஒவ்வோர் அச்சையும் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை வைத்துப் படியுங்கள். இரண்டின் சராசரி விலகல், வித்தியாசத்தில் பாதி 1 ஜி-யின் அளவு.

மாட்டிய பிறகு சென்சார் பாடிக்கு இணையாக இருக்காது, ஓரிரு டிகிரி கோணலாகத்தான் உட்காரும். சமதளம் தேடி அலைய வேண்டாம். எங்கே நிற்கிறதோ அங்கேயே ரோலையும் பிட்சையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திருப்பி, அதே இடத்தில் எதிர்ப்பக்கம் பார்த்து நிறுத்தி மறுபடி குறியுங்கள். தரையின் சரிவு இரண்டு முறையும் எதிரெதிர்க் குறியோடு வரும், மாட்டிய கோணல் மாறாது. ஆகவே இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் கோணல் மட்டும் கையில் மிஞ்சும்.

படி 6: கோணம்

ஆக்சிலரோமீட்டரிலிருந்து ரோல்: ஒய், இசட் இரண்டையும் ஏடேன்2-க்குக் (இரண்டு மதிப்புகளிலிருந்து கோணம் தரும் நிரல் சார்பு) கொடுங்கள். பிட்ச்: எக்ஸ் மதிப்பின் குறியை மாற்றி முதலிலும், ஒய், இசட் வர்க்கங்களின் கூட்டலுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டாவதாகவும் கொடுங்கள். பிறகு கலவை:

புதிய கோணம் = 0.998 × (பழைய கோணம் + ஜைரோ வேகம் × 0.01) + 0.002 × ஆக்சிலரோமீட்டர் கோணம்

இணையத்தில் எங்கே பார்த்தாலும் 0.98, 0.02 என்றுதான் இருக்கும். இரண்டு சக்கரத்தில் நின்று சமாளிக்கும் சிறு ரோபோவுக்கு அது சரி. விநாடிக்கு 100 முறை ஓட்டும்போது 0.98 என்றால் அரை விநாடியில் ஆக்சிலரோமீட்டர் பேச்சைக் கேட்டுவிடும். 0.998 என்றால் 5 விநாடி பொறுக்கும்.

ஆனால் அதுவும் போதாது. 0.3 ஜி அளவுக்கு பிரேக் போட்டால் ஆக்சிலரோமீட்டர் சொல்லும் பிட்ச் 17 டிகிரிக்கு அருகில், முகப்பு உண்மையில் தாழ்வதோ ஒன்றிரண்டு டிகிரி. 3 விநாடி பிரேக் பிடித்தால் 0.98 ஏறத்தாழ முழு 17-ஐயும் நம்பிவிடும். 0.998-க்கும் 7 டிகிரிக்கு மேல் பிழை.

மொத்த முடுக்கம் 1 ஜி-க்கு அருகில் இருந்தால் மட்டும் ஆக்சிலரோமீட்டரை நம்பு என்று ஒரு நிபந்தனை போடச் சொல்வார்கள். போடுங்கள், பள்ளத்தில் குதிக்கும்போது உதவும். பிரேக்குக்கு உதவாது: 0.3 ஜி கிடைமட்டமாகச் சேர்ந்தால் மொத்தம் 1.044 ஜி-தான், 5 சதவீத வரம்புக்குள் நழுவிப் போய்விடும்.

சரியான வழி, வண்டியின் வேகத்தைக் கேட்பது. சக்கர சென்சாரிலிருந்தோ ஜிபிஎஸ்ஸிலிருந்தோ வேகம் கிடைத்தால், வேகம் மாறும் வீதத்தை 9.81-ஆல் வகுத்து எக்ஸிலிருந்து கழியுங்கள். வேகத்தை இசட் அச்சின் ஜைரோ வேகத்தால் (ரேடியனில்) பெருக்கி, 9.81-ஆல் வகுத்து ஒய்யிலிருந்து கழியுங்கள். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 50 மீட்டர் ஆர வளைவில் திரும்பினால் இந்தக் கழிவு 0.2 ஜி, கோணத்தில் 11 டிகிரிக்கு மேல். மிச்சம் இருப்பது ஏறக்குறைய ஈர்ப்பு மட்டும், அதை ஃபில்டருக்குக் கொடுங்கள். ஜிபிஎஸ் வேகம் கொஞ்சம் தாமதமாக வரும், அந்தத் தாமதத்துக்கு ஏற்ப ஆக்சிலரோமீட்டர் மதிப்புகளையும் பிடித்து வைத்துக் கழித்தால் இன்னும் நேராக வரும்.

வண்டி எந்தத் திசை பார்க்கிறது என்பதை இவை எதுவும் சொல்லாது, இடவலமாகத் திரும்பினால் ஈர்ப்பு மாறுவதில்லை. காந்தமானி காரின் இரும்புக்குள் நம்பத்தக்கதல்ல. ஓடும்போது ஜிபிஎஸ் காட்டும் போக்கைப் பிடித்துக்கொள்வதே மேல்.

படி 7: சோதனை

வண்டியை நிறுத்தி, இன்ஜின் அணைந்திருக்கும்போது ஒரு நிமிடம் ரோலைப் பதிவு செய்யுங்கள். பிறகு ஐடிலில் ஒரு நிமிடம், நியூட்ரலில் 3000 சுற்றில் ஒரு நிமிடம். மூன்று சராசரிகளும் அரை டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். 3000-இல் மட்டும் சராசரி நகர்ந்தால் 26-ஆம் ரெஜிஸ்டரைப் பாருங்கள். ஐடிலில் அலைச்சல் கூடினால் ஜெல் துள்ளுகிறது. இரண்டிலும் நகர்ந்தால் கேபிளையும் வீச்சையும் பாருங்கள்.

அடுத்து வாகனமில்லாத சமமான திடலில் நேராக ஓடி நின்று பாருங்கள். பிட்ச் 3 டிகிரிக்கு மேல் ஏறினால் வேகக் கழிவின் குறி தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.