டிரெய்லருக்குப் பட்டை கூட்டும் முன்

குளச்சலிலோ முட்டத்திலோ மீன்பெட்டி ஏற்றும் டிரெய்லர் பின்பக்கம் தொங்கிவிட்டால், "இன்னொரு பட்டை போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். ஸ்பிரிங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் வளைந்த எஃகுத் துண்டுதான் பட்டை. அவசரப்படாதீர்கள். முதலில் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேரும் இடத்தில் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டிப் பாருங்கள். உப்புக் காற்றும் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் அரிக்கிற இடம் அது. முடியளவு விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். நான் பார்க்காமல் விட்டேன். புதுப் பட்டையோடு கிளம்பிய டிரெய்லர், தக்கலை தாண்டுமுன் பிராக்கெட்டோடு பிய்ந்தது.

விரிசல் இருந்தால் அதன் நுனியில் சிறு துளை போட்டு, வெல்டிங் வைத்து, மேலே தகடு பொருத்தச் சொல்லுங்கள். தகட்டின் ஓரம் சாய்வாக வெட்டியிருக்க வேண்டும். சேசிஸின் குறுக்கே நேர்கோடாக வெல்டிங் விழுந்தால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டை ஒட்டியே வரும்.

அப்புறம்தான் பட்டை. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட்டைக் கழற்றினால், அதையே திரும்பப் போடாமல் புதுசு வாங்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி முறுக்குங்கள். பட்டையைக் கூட்டினாலும் ஆக்சிலும் டயரும் தாங்கும் எடை அதிகமாகிவிடாது, லோடு பழையபடிதான். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.