ஜெப ஆலயத்தில் பெற்றோர் நினைவாக ஒரு கல்வி நிதி தொடங்குவது எப்படி?

அமெரிக்க யூதக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால் பூங்கொத்து அனுப்புவது அவ்வளவாக வழக்கமில்லை, அவர் பெயரில் ஜெப ஆலயத்துக்கு நன்கொடை கொடுப்பார்கள். பெரும்பாலும் 18, 36, 180 டாலர் என்று பதினெட்டின் மடங்காக இருக்கும், அந்த எண் அவர்களுக்கு வாழ்வைக் குறிப்பது. இப்படிச் சேரும் பணம் பொதுக்கணக்கில் கரைந்துவிடாமல், தோரா, தல்மூத் என்ற யூத மறைநூல்களைப் படிக்கவே பயன்படவேண்டும் என்று நினைக்கிறீர்களா, அப்போது தனி நிதியாக வைத்துவிடுங்கள்.

முதலில் ஆலயத்தின் மதகுருவான ரபியைப் பாருங்கள், அப்புறம் பொருளாளர். அங்கே எந்தப் படிப்புக்கு ஆள் இருந்தும் காசு இல்லை என்பது ரபிக்குத்தான் தெரியும்.

அடுத்து ஒப்பந்தம். ஒரு பக்கம் போதும், ஆனால் இதில்தான் நிதியின் தலையெழுத்தே இருக்கிறது. "ஆலய நலனுக்காக" என்று எழுதினால் ஒருநாள் கூரை ஒழுகும்போது பணம் அங்கே போய்விடும், "ஆண்டுதோறும் மிஷ்னா பேருரை" (மிஷ்னா தல்மூத்தின் அடிப்படை நூல்) என்று இறுக்கிக் கட்டினாலோ பேச ஆள் கிடைக்காத வருஷம் பணம் முடங்கிக் கிடக்கும். நான் சொல்வது: யூதக் கல்விக்கு மட்டும், முதல் உரிமை விருந்தினர் அறிஞர் வருகைக்கு, அது நடக்காவிட்டால் ரபி தேர்ந்தெடுக்கும் பாடத்துக்கு. இன்னொன்று, கொடுப்பவர் விதித்த நிபந்தனையாகவே அது பதிவாகவேண்டும். நிர்வாகக் குழு தானாக ஒதுக்கிய நிதி என்றால், அடுத்த குழு நினைத்தால் அந்த ஒதுக்கீட்டை மாற்றிவிடலாம்.

தொகைக்கு வருவோம். அசலைத் தொடாமல் ஆண்டுக்கு 4 சதவீதம் எடுப்பதாக வைத்தால் 50,000 டாலருக்கு 2,000 கிடைக்கும், 5,000 டாலருக்கு வெறும் 200. சின்னத் தொகையை அசலாகப் பூட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, நாலைந்து வருஷத்தில் நன்றாகச் செலவழித்து நாலு பேரைப் படிக்கவைப்பதே மேல்.

அறிஞரை அழைக்கும் வார இறுதிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும்வரை சபாத் என்னும் ஓய்வு நாள். அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் சபைகளில் கார், மைக், புரொஜெக்டர், பேனா எதுவும் கிடையாது. ஆகவே ஆலயத்துக்கு நடந்து வரும் தூரத்தில் யூத உணவு விதிப்படியான கோஷர் சமையல் உள்ள வீட்டில் அவரைத் தங்கவையுங்கள். பாடத்தாள்களை வெள்ளி மதியத்துக்குள் அச்சடித்து வகுப்பு நடக்கும் அறையிலேயே அடுக்கிவிடுங்கள், ஏனென்றால் பொருளை எடுத்துச்செல்ல இடமளிக்கும் எருவ் எல்லை போடாத ஊரில் சபாத் அன்று தாளைத் தெருவில் எடுத்துக்கொண்டு நடப்பதும் கூடாது. மூலநூல்களைத் தேடித் தாள் தயாரிக்க செஃபாரியா தளம் இலவசம். காசோலையை சபாத்துக்கு முன்பே கொடுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை.

தேதி குறிக்கும்போது யார்ட்சைட்டை, அதாவது இறந்தவரின் ஆண்டு நினைவு நாளை, ஒட்டிப் பாருங்கள். நம் திதி மாதிரி அதுவும் ஆங்கிலத் தேதிப்படி வராது, எபிரேய நாட்காட்டிப்படி வருஷா வருஷம் நகரும், அதனால் சில வருஷத்துக்கான தேதிகளை முன்கூட்டியே ஆலய அலுவலகத்தில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் பத்துப் பேர் கொண்ட மின்யான் இருந்தால், படித்தவர்களுக்காகச் சொல்லும் கதிஷ் பிரார்த்தனையைக் குடும்பத்தார் அங்கேயே சொல்லலாம். அந்த ஒரு நிமிஷத்துக்காகவாவது பத்துப் பேரை முன்பே சொல்லிவைத்துச் சேர்த்துவிடுங்கள். அந்த நாள் ஒத்துவராவிட்டால் ஷாவுவோத் பண்டிகை இரவு இருக்கிறது, விடிய விடியப் படிக்கும் இரவு அது, ஒரு மணி நேர வகுப்பை உங்கள் நிதி ஏற்கலாம்.

பிள்ளைகளின் ஹீப்ரு பள்ளிக் கட்டணத்துக்கு உதவுவதானால், யாருக்குப் போகிறது என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். ரபி முடிவு செய்யட்டும்.

250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களுக்கு வரிக்கழிவு கோர ஆலயத்தின் எழுத்துப்பூர்வ ரசீது அவசியம், ஜனவரியிலேயே அனுப்பச் சொல்லுங்கள். கூடவே வரவு செலவும், அந்த வருஷம் படித்த பாடத்தாளின் ஒரு பிரதியும் போகட்டும்.